புரோட்டீன் பவுடரும் பதின்ம வயது வீரர்களும்: டப்பாவின் உள்ளே இருப்பதற்கு யார் பொறுப்பு?

மும்பை: தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பகுதிகளின் ஜிம்களில் பயிற்சி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்குப் புரோட்டீன் பவுடர், கிரியேட்டின், பயிற்சிக்கு முன் அருந்தும் ‘பிரீ-ஒர்க்அவுட்’ கலவைகள் ஆகியவை அறிமுகமானவையே. பொழுதுபோக்காக உடலை வளர்ப்பவருக்கு இவற்றால் வரும் கவலை உடல்நலம் மட்டுமே. மாவட்ட, மாநிலப் போட்டிகளுக்குத் தயாராகும் 16 வயது மாணவருக்கு மற்றொரு கவலையும் உண்டு. அது ஊக்கமருந்துத் தடை.

உலக ஊக்கமருந்து தடுப்பு முகமையான வாடாவின் விதிப்படி, உடலில் காணப்படும் ஒவ்வொரு பொருளுக்கும் வீரரே பொறுப்பு. பயிற்சியாளர் கொடுத்தார், கடைக்காரர் உறுதியளித்தார் என்ற விளக்கம் தண்டனையைக் குறைக்க உதவலாம். குற்றச்சாட்டை அது நீக்காது. மும்பை கிரிக்கெட் வீரர் பிருத்வி ஷாவின் அனுபவம் இதற்குச் சான்று. 2019 பிப்ரவரியில் இந்தூரில் நடந்த சையது முஷ்டாக் அலி கோப்பைப் போட்டியின்போது அவர் அளித்த சிறுநீர் மாதிரியில் டெர்பியூட்டலின் கண்டறியப்பட்டது. அப்போது அவருக்கு வயது 19. இருமல் மருந்தின் வழியாக அது உடலில் சேர்ந்தது என்ற விளக்கத்தை இந்திய கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியம் ஏற்றுக்கொண்டது. ஆயினும் 8 மாதத் தடை விதிக்கப்பட்டது. சாதாரண மருந்துக்கே இந்த நிலை என்றால், உள்ளடக்கம் உறுதியற்ற ஊட்டப் பொருள்களைப் பற்றிக் கூற வேண்டியதில்லை.

ஊட்டப் பொருளால் வந்த வழக்குகளில் நாடறிந்தது 2011-ஆம் ஆண்டு நிகழ்ந்தது. டெல்லி காமன்வெல்த் போட்டியின் 4x400 மீட்டர் தொடர் ஓட்டத்தில் தங்கம் வென்ற அணியைச் சேர்ந்த அஸ்வினி அக்குஞ்சி, மந்தீப் கவுர், சினி ஜோஸ் உள்ளிட்ட 6 வீராங்கனைகள் அனபாலிக் ஸ்டீராய்டு சோதனையில் சிக்கினர். உக்ரைன் நாட்டுப் பயிற்சியாளர் யூரி ஒகோரோட்னிக் சீனாவிலிருந்து வாங்கி வந்த ஜின்செங் மாத்திரைகளே காரணம் என அவர்கள் வாதிட்டனர். பயிற்சியாளர் நீக்கப்பட்டார். தேசிய ஒழுங்கு நடவடிக்கைக் குழு விதித்த ஓராண்டுத் தடையை, 2012 ஜூலையில் சர்வதேச விளையாட்டு நடுவர் நீதிமன்றம் ஈராண்டாக உயர்த்தியது. லண்டன் ஒலிம்பிக் வாய்ப்பும் போனது.

இந்தியச் சந்தையில் விற்கப்படும் பவுடர்களின் தரமும் நம்பிக்கை தருவதாக இல்லை. கேரள மருத்துவர்கள் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 36 புரதப் பொருள்களைச் சோதித்து 2024-இல் வெளியிட்ட முடிவுகளின்படி, சுமார் 70 சதவீதத்தில் புரத அளவு தவறாகக் குறிப்பிடப்பட்டிருந்தது. சிலவற்றில் சொன்ன அளவில் பாதி மட்டுமே இருந்தது. 14 சதவீதத்தில் பூஞ்சை நச்சான அஃப்ளடாக்சினும், 8 சதவீதத்தில் பூச்சிக்கொல்லி எச்சமும் காணப்பட்டன. புரதத்தின் அளவையே சரியாக அச்சிடாத தயாரிப்பாளர், தடைசெய்யப்பட்ட பொருள் கலந்திருப்பதை அச்சிடுவார் என எதிர்பார்க்க இயலாது.

இதைவிடக் கவலைக்குரியது ஊசி. மயக்க மருந்தின்போது குறையும் ரத்த அழுத்தத்தை உயர்த்த மருத்துவமனைகளில் பயன்படும் மெஃபென்டெர்மைன், ஜிம்களுக்காகச் சட்டவிரோதமாக விற்கப்படுவதாக மகாராஷ்டிராவில் பலமுறை பறிமுதல் நடவடிக்கைகள் எடுக்கப்பட்டுள்ளன. களைப்பை மறைக்கும் இது இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கக்கூடியது. வாடாவின் தடைப் பட்டியலிலும் உள்ளது. மருத்துவர் சீட்டின்றி ஜிம்மில் ஊசி போட்டுக்கொள்ளச் சொல்பவரைப் பயிற்சியாளர் என அழைப்பது பொருந்தாது.

வளரும் உடலில் பாதிப்பு வேறு விதமானது. ஸ்டீராய்டுகள் எலும்பு முனைகளிலுள்ள வளர்ச்சித் தட்டுகளை முன்கூட்டியே மூடச் செய்வதால் உயரம் நின்றுபோகலாம். ஆண்களுக்கு மார்பகம் பெருப்பதும் விரை சுருங்குவதும் நேரலாம். பெண்களின் குரல் தடித்தால் அது பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பாது. கல்லீரலும் இதயமும் தனியே பாதிக்கப்படும். கிரியேட்டின் தடைப் பட்டியலில் இல்லை. எனினும் 18 வயதுக்குட்பட்டோரிடம் அதன் நீண்டகால விளைவு குறித்த ஆய்வுகள் குறைவு. செயல்திறனைக் கூட்டும் பொருள்களைப் பதின்ம வயதினர் பயன்படுத்துவதை அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் ஊக்குவிப்பதில்லை. ஹைதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டியும் புரதப் பவுடர்களைத் தவிர்க்கவே பரிந்துரைக்கிறது.

உண்மையில் எவ்வளவு புரதம் தேவை? உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராமுக்கு மேல் உண்டால் தசை வளர்ச்சியில் கூடுதல் பயன் இல்லை என அதே வழிகாட்டி கூறுகிறது. 50 கிலோ எடையுள்ள மாணவருக்கு இது 80 கிராம். மூன்று முட்டை, அரை லிட்டர் பால், 100 கிராம் கொண்டைக்கடலை அல்லது பருப்பு, 50 கிராம் வேர்க்கடலை ஆகியவற்றில் ஏறத்தாழ 65 கிராம் கிடைத்துவிடும். மீதியைத் தினசரிச் சோறும் சப்பாத்தியுமே தந்துவிடும். தாராவி கோலிவாடாவில் விற்கும் மீனைக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

பெற்றோரின் ஒப்புதலுடனும் மருத்துவரின் ஆலோசனையுடனும் ஏதேனும் வாங்குவதாக இருந்தால், எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் 14 இலக்க உரிம எண், தொகுதி எண், காலாவதித் தேதி ஆகியவற்றைச் சரிபார்க்க வேண்டும். தொகுதிவாரியாகச் சோதிக்கப்பட்டதாகத் தனி ஆய்வகச் சான்று பெற்ற பொருளில் ஆபத்து குறையும், முற்றிலும் நீங்காது. ரசீதையும் அதே தொகுதியில் திறக்கப்படாத ஒரு டப்பாவையும் பத்திரப்படுத்துவது அவசியம். கலப்படம் நேர்ந்தது என்று பின்னாளில் மெய்ப்பிக்க, திறந்த டப்பாவின் மதிப்பு குறைவு. சோதனையின்போது கடந்த 7 நாள்களில் உட்கொண்ட மருந்துகளையும் ஊட்டப் பொருள்களையும் படிவத்தில் எழுத வேண்டும். எதையும் மறைத்தால் அது பின்னர் வீரருக்கே எதிராக அமையும்.

16 வயது நிறைவடையாதோரை வாடா விதிகள் ‘பாதுகாக்கப்பட்ட நபர்’ என வகைப்படுத்துகின்றன. பெரிய தவறு இல்லை என நிறுவப்பட்டால், எச்சரிக்கை முதல் அதிகபட்சம் ஈராண்டுத் தடை வரை தண்டனை இருக்கும். இளையோர் பிரிவில் ஈராண்டு என்பது வயது வரம்பையே கடந்துவிடும் காலம்.

போலி அல்லது ஐயத்துக்குரிய பொருள்கள் பற்றி, தாராவியிலிருந்து மித்தி ஆற்றின் அக்கரையில் பாந்த்ரா-குர்லா வளாகத்தில் உள்ள மாநில உணவு, மருந்து நிர்வாக அலுவலகத்தில் புகார் அளிக்கலாம். எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் கட்டணமில்லா எண்: 1800-11-2100.