தகட்டில் எழுதிய சூரியன் எந்த ஊர்ச் சூரியன்?



ரப்பர்த் தோட்டங்களும் ஈயச் சுரங்கங்களுமாக இருந்த பூச்சோங்கில் இன்று தாமான் வீட்டுக் கூரைகளில் சூரியத் தகடுகள் மின்னுகின்றன. பால் மரம் சீவப் போகுமுன் வானத்தைப் பார்த்த தலைமுறையின் பிள்ளைகள், இப்போது மின்கட்டணத்துக்காக வானத்தைப் பார்க்கிறோம். "400 வாட் என்று எழுதியிருக்கே தம்பி, உச்சி வெயிலில்கூட அவ்வளவு வரலையே?" என்று ஓர் அம்மா கேட்டார். விடை வரலாற்றில் இருக்கிறது.

வெயில் பல நிறங்களின் கூட்டு. 1800-இல் வில்லியம் ஹெர்ஷல், சிவப்புக்கு அப்பால் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரைக் கண்டார். நம் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்திலோ, 1909-இல் ஜான் எவர்ஷெட் நிறமாலையைப் படித்தே சூரியப் புள்ளிகளில் வாயு ஓடுவதைக் கண்டறிந்தார். 1954-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகம் சிலிக்கன் மின்கலத்தை உலகுக்குக் காட்டியது. விழுந்த ஒளியில் சுமார் 6 விழுக்காடே மின்சாரமானது. சிலிக்கன் எல்லாக் கதிரையும் ஏற்பதில்லை. ஏறத்தாழ 1,100 நானோமீட்டருக்கு மேற்பட்ட அகச்சிவப்பு அதற்குப் பயன்படாது.

தகடுகள் பெருகியபோது பொது அளவுகோல் தேவைப்பட்டது. 1970-களில் அமெரிக்கர்கள் தங்கள் நாட்டு வானத்தை வைத்தே அதை வகுத்தார்கள். இன்றைய அளவுகோல் இதுதான்: சதுர மீட்டருக்கு 1,000 வாட் ஒளி, 25 பாகை தகட்டு வெப்பம், சாய்ந்து நிற்கும் சூரியன். அந்த வானத்து நீராவி முழுவதையும் நீராக்கினால் 1.42 சென்டிமீட்டர்தான் தேறும். தகட்டில் எழுதிய எண் அந்தச் சூரியனுக்கு உரியது.

நம் வானில் நீராவி மிக அதிகம். ஆனால் அது விழுங்குவது பெரும்பாலும் சிலிக்கனுக்கு வேண்டாத அகச்சிவப்பை. அதனால் நிறக் கணக்கில் நமக்குச் சற்றே லாபம்தான்! புகைமூட்டம் அப்படியல்ல. 2005 ஆகஸ்டு 11-ஆம் நாள் கிள்ளான் துறைமுகத்திலும் கோலசிலாங்கூரிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது நினைவிருக்கும். அத்தகைய புகையில் நுண்துகள்கள் நீலத்தை அதிகமாகச் சிதறடிக்கின்றன. மொத்த ஒளியும் குறைகிறது.

எல்லாவற்றையும் விடப் பெரிய இழப்பு சூட்டினால்தான். 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு பாகைக்கும் 0.3 முதல் 0.4 விழுக்காடு குறையும். கூரைத் தகடு 60 பாகையைத் தொட்டால் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும்.

ஆகவே அம்மா, உங்கள் தகடு பழுதில்லாமலும் இருக்கலாம். ஒரு நண்பகலை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். வாங்கப் போகிறவர்களும் வாட் எண்ணோடு நின்றுவிடாமல், "எங்கள் ஊர் வெயிலில் ஆண்டுக்கு எத்தனை யூனிட் வரும்?" என்று கேளுங்கள். அதை எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகு பணத்தைக் கொடுங்கள்.