நுங்கம்பாக்கத்திலிருந்து பேரடைகள் வரை

விண்மீன்கள் திரண்ட பேரடைகளை வகை பிரிக்கவும் அவற்றின் ஒளிர்மை எப்படிப் பரவியிருக்கிறது என்று கணக்கிடவும் வானியலுக்கு இரண்டு அளவுகோல்கள் வேண்டும். ஒன்று, ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டும் நிறமாலை. மற்றது, வானில் தெரியும் பொலிவை எண்ணாக்கும் பொலிவெண். இரண்டின் வரலாற்றிலும் தமிழ்நாட்டு வான்காணகங்களுக்கு இடம் உண்டு.

கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலர் வில்லியம் பெட்ரி 1786இல் எழும்பூரில் சொந்தமாக ஒரு வான்காணகம் அமைத்தார். கம்பெனி அதை ஏற்று, மைக்கேல் டாப்பிங் வடிவமைத்த கட்டடத்தில் 1792இல் நுங்கம்பாக்கத்தில் நிறுவியது. கருவியைத் தாங்கிய 15 அடிக் கருங்கல் தூணும் அதில் பொறித்த தமிழ்க் கல்வெட்டும் இன்றும் வானிலை ஆய்வு மைய வளாகத்தில் உள்ளன. டி.ஜி. டெய்லர் அங்கிருந்து அளந்த 11,015 விண்மீன்களின் அட்டவணை 1844இல் வெளிவந்தது.

1861இல் இந்த வான்காணகத்தின் பொறுப்பை ஏற்றவர் நார்மன் போக்சன். ஐந்து பொலிவெண் வேறுபாடு நூறு மடங்கு ஒளி வேறுபாட்டுக்குச் சமம், அதாவது ஓர் எண்ணுக்கு 2.512 மடங்கு என்று 1856இல் இங்கிலாந்தில் அவர் முன்மொழிந்திருந்தார். இன்று பேரடைகளின் பொலிவும் அதே விகிதத்தில்தான் அளக்கப்படுகிறது. 1891இல் இறக்கும்வரை அவர் சென்னையிலேயே பணியாற்றினார். அவருடைய முதல் உதவியாளர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி பஞ்சாங்கம் கணிக்கும் மரபில் வந்தவர். பொலிவு கூடிக் குறையும் ஆர் ரெட்டிகுலி என்னும் விண்மீனை 1867இல் கண்டறிந்தவர் ரகுநாதாச்சாரியே.

1868 ஆகஸ்ட் 18 அன்று நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தைப் போக்சன் மசூலிப்பட்டினத்திலும் பிரெஞ்சு அறிஞர் ஜான்சன் குண்டூரிலும் நிறமாலைமானி வழியே பார்த்தனர். இரண்டு ஊர்களும் அப்போது சென்னை மாகாணத்தில் இருந்தன. அன்று பதிவான மஞ்சள் கோடு, பிற்பாடு ஹீலியம் என்று பெயர் பெற்ற தனிமத்துக்கு உரியது. தொலைவில் உள்ள பொருள் எதனால் ஆனது என்று நிறமாலை சொல்லிவிடும் என்பதற்கு அந்தக் கோடு சான்றானது.

வான்காணகப் பணி 1899இல் கொடைக்கானலுக்கு மாறியது. சூரியப் புள்ளிகளின் நிறமாலைக் கோடுகள் சற்றே இடம்பெயர்ந்திருப்பதை 1909இல் அங்கே கண்ட ஜான் எவர்ஷெட், புள்ளியிலிருந்து வளிமம் வெளிநோக்கிப் பாய்கிறது என்று காட்டினார். ஒளிமூலம் நகர்ந்தால் கோடுகள் இடம்பெயரும் என்னும் அதே டாப்ளர் விதியைக் கொண்டு 1912இல் அமெரிக்காவில் ஸ்லைஃபர் ஆண்ட்ரோமெடா பேரடையின் வேகத்தை அளந்தார். கோடுகள் சிவப்பு நோக்கி நகரும் செம்பெயர்ச்சி மிகுந்தால் பேரடையின் தொலைவும் மிகும் என்று 1929இல் ஹபிள் நிறுவியபின் வழி திறந்தது. செம்பெயர்ச்சியிலிருந்து தொலைவு கிடைக்கும்; தொலைவும் பொலிவெண்ணும் சேர்ந்தால் பேரடையின் உண்மையான ஒளிர்மை கிடைக்கும்.

நிறமாலைக்கும் ஒளிர்மைக்கும் உள்ள உறவை விண்மீன்களில் நேரடியாகக் காட்டியவர் வானியலாளர் வைணு பாப்பு. கால்சியம் உமிழ்கோட்டின் அகலத்தைக் கொண்டே ஒரு விண்மீனின் உண்மை ஒளிர்மையைக் கணிக்கலாம் என்று 1957இல் அவரும் ஒலின் வில்சனும் வெளியிட்டனர். பாப்பு சவ்வாது மலையில் உருவாக்கிய காவலூர் வான்காணகத்தில் 1972இல் 1 மீட்டர் தொலைநோக்கியும், அவர் மறைவுக்குப் பின் 1986இல் 2.34 மீட்டர் தொலைநோக்கியும் இயங்கத் தொடங்கின.

அதே 1957இல் மார்கனும் மேயாலும் பேரடைகளையே நிறமாலைப்படி வகுத்தனர். அந்தப் பணி பெரிய அளவில் நடந்தது ஆஸ்திரேலியாவில். அங்குள்ள 3.9 மீட்டர் தொலைநோக்கியில் ஒரே நேரத்தில் 400 பொருள்களின் ஒளியை ஒளியிழைகளால் ஏந்தி, 1997 முதல் 2002 வரை சுமார் 2,21,000 பேரடைகளின் செம்பெயர்ச்சி அளக்கப்பட்டது. இத்தனை நிறமாலைகளைக் கண்ணால் பார்த்துப் பிரிக்க இயலாது. ஒவ்வொன்றும் பல நூறு எண்களின் வரிசை. அவற்றுள் ஒன்றையொன்று வேறுபடுத்தும் சில சேர்க்கைகளை மட்டும் பிரித்தெடுப்பது முதன்மைக் கூறுப் பகுப்பாய்வு. அதைக் கொண்டு, புது விண்மீன்கள் பிறவாத முதிய பேரடைகள் முதல் அவை விறுவிறுப்பாகப் பிறக்கும் பேரடைகள் வரை வகைகள் பிரிந்தன.

ஒவ்வோர் ஒளிர்மையிலும் எத்தனை பேரடைகள் உள்ளன என்று எண்ணுவதில் ஒரு சிக்கல் உண்டு. மாமல்லபுரக் கரையில் இரவில் நின்று படகுகளை எண்ணுபவருக்கு விசைப்படகின் பெரிய விளக்கு தொலைவிலும் தெரியும். கட்டுமரத்தின் சிறு விளக்கு அருகில் மட்டுமே தெரியும். கண்டதை அப்படியே கூட்டினால் கட்டுமரங்கள் குறைவு என்ற பிழையான முடிவு வரும். மங்கலான பேரடைகளும் அருகில் இருந்தால்தான் புலப்படும். எனவே ஒவ்வொரு ஒளிர்மைக்கும் எவ்வளவு கனஅளவு வானம் எட்டியது என்று கணக்கிட்டுத் திருத்த வேண்டும். திருத்தியபின் கிடைக்கும் வளைவுக்கு 1976இல் பால் ஷெக்டர் தந்த சூத்திரம் பொருந்துகிறது. ஒளிமிக்க பேரடைகள் சட்டென்று அருகுகின்றன; மங்கலானவை பெருகுகின்றன. ஒளி மிகுந்தவற்றில் முதிய வகையும், மங்கலானவற்றில் விண்மீன் பிறக்கும் வகையும் மிகுதி.

பேரடைகளை வகை பிரித்த கணிதம் இன்று தரவு அறிவியலின் அடிப்படைப் பாடம். சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதவியல் நிறுவனம் அந்தத் துறையில் முதுநிலைப் படிப்பை நடத்துகிறது.