எது மூலவடிவம்? டாலிகஞ்சில் ஒரு பழைய புல்லட்

டாலிகஞ்சில் நான் குடியிருக்கும் வீட்டின் மாடிப்படிக்கு அடியில் 1971ஆம் ஆண்டுப் புல்லட் ஒன்று நிற்கிறது. வீட்டுக்கார மாசிமாவின் மறைந்த கணவர் இங்குள்ள திரைப்பட ஸ்டுடியோக்களில் மின்பணியாளராக இருந்தவர். பின்னிருக்கையைக் கழற்றிவிட்டுப் படச்சுருள் டப்பாக்களை அடுக்குவதற்கு ஓர் இரும்புச் சட்டத்தைப் பற்றவைத்திருக்கிறார். பெட்ரோல் டேங்க் வேறொரு வண்டியுடையது. முன்விளக்கு லாரியிலிருந்து வந்திருக்க வேண்டும். பல ஆண்டுகளாக ஓடவில்லை. பழைய இரும்புக்கு எடைபோட்டு விற்றுவிடலாம் என்கிறார் மகன். மாசிமாவுக்கு மனமில்லை. சென்ற வாரம் என்னை அழைத்து, "இது உங்கள் ஊர் வண்டி. என்ன செய்யலாம், நீயே சொல்" என்றார்.

எங்கள் ஊர் வண்டி என்பது உண்மையே. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 1930களின் தொடக்கத்திலேயே புல்லட் என்ற பெயரைப் பயன்படுத்தியது. விடுதலைக்குப் பின் இந்திய இராணுவத்தின் எல்லைக் காவலுக்கு 350 சிசி புல்லட் தேர்ந்தெடுக்கப்பட்டது. 1955இல் மதறாஸ் மோட்டார்ஸும் ரெட்டிச் நிறுவனமும் கூட்டாக என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைப் பூட்டினார்கள்; சில ஆண்டுகளில் திருவொற்றியூரிலேயே அனைத்தையும் வார்த்தும் கடைந்தும் உருவாக்கத் தலைப்பட்டார்கள். 1970களின் தொடக்கத்தில் தாய் நிறுவனம் மறைந்துவிட்டது. 1977இல் திருவொற்றியூர்ப் புல்லட்டுகள் பிரிட்டனுக்கே ஏற்றுமதியாயின. ஆங்கிலேயர் கைவிட்ட வடிவத்தைச் சென்னைத் தொழிலாளர்கள் அரை நூற்றாண்டு வார்த்துக்கொண்டிருந்தனர் என்பது தொழில்நுட்ப வரலாற்றில் தனியே எழுதப்பட வேண்டிய செய்தி. அதன் நடைமுறைப் பயன் ஒன்றுண்டு: வார்ப்பிரும்பு எஞ்சின் பெரிய மாற்றமின்றி நீடித்ததால் உதிரிபாகங்கள் இன்றும் கிடைக்கின்றன. கொல்கத்தாவில் மல்லிக் பஜாருக்குப் போனால் போதும்.

ஆகவே பழுதுபார்க்க முடியுமா என்பது இங்கே சிக்கலில்லை. எந்த வடிவத்துக்குப் பழுதுபார்ப்பது என்பதே சிக்கல்.

2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் ஒரு திருத்தம் வந்தது. ஐம்பதாண்டு நிறைந்த இருசக்கர, நான்குசக்கர ஊர்திகளைத் தொன்மை ஊர்திகளாகப் பதிந்துகொள்ளலாம். கட்டணம் 20,000 ரூபாய். எண்பலகையில் விஏ என்ற எழுத்துகள் இடம்பெறும். மாசிமாவின் வண்டி வயதில் தேறிவிடுகிறது. ஆனால் ஊர்தி மூலவடிவில் பேணப்பட்டிருக்க வேண்டும், கணிசமாக மாற்றியமைக்கப்பட்டிருக்கக் கூடாது என்கிறது விதி. மறுபுறம், 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு முரணாக ஊர்தியை மாற்றக்கூடாது என்கிறது. கேரள உயர்நீதிமன்றம் இதில் காட்டிய தளர்வை 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றம் நீக்கிவிட்டது. சாலைப் பாதுகாப்பை எண்ணினால் இதைக் குறைசொல்வதற்கில்லை. ஆனால் பாதுகாப்புக்காக எழுந்த 'மூலவடிவம்' என்ற கருத்து, மரபுச் சின்னம் எது என்பதையும் தீர்மானிக்கத் தொடங்கும்போது வரலாற்று மாணவருக்கு ஐயம் எழ வேண்டும்.

ஏனெனில் இந்திய மோட்டார் சைக்கிளின் வரலாற்றில் பெரும்பகுதி மாற்றியமைத்தலின் வரலாறே. இரண்டாம் உலகப் போர் விட்டுச்சென்ற ஹார்லி டேவிட்சன்களின் பின்பகுதியை வெட்டி, மூன்று சக்கரமாக்கி, ஆட்களை ஏற்றி ஓட்டினார்கள் தில்லியில். பட்பட்டி என்ற அந்த ஊர்தி 1998 வரை ஓடியது. வடமாநில மெக்கானிக்குகள் புல்லட்டில் டீசல் எஞ்சினைப் பொருத்தினார்கள். பின்னர் நிறுவனமே டாரஸ் என்ற பெயரில் டீசல் புல்லட்டை விற்றது. தெருப் பட்டறை முன்னே செல்ல, தொழிற்சாலை பின்தொடர்ந்தது. சென்னையின் மீன்பாடி வண்டியும், வங்கச் சிற்றூர்களில் நீரிறைக்கும் எஞ்சினை மிதிவண்டி வேனில் பூட்டி ஓட்டும் வேனோவும் இதே மரபினவே. இவற்றுள் எதுவும் தொன்மை ஊர்தி விதிக்குள் எளிதில் அடங்காது. கைபடாமல் கொட்டகையில் நின்ற செல்வர் வீட்டு வண்டிகளே அதற்கு ஏற்றவை. உழைத்த வண்டிகளுக்கு மூலவடிவம் மிஞ்சுவதில்லை.

இந்தச் சிக்கல் தமிழருக்குப் புதிதன்று. திருப்பணி என்ற பெயரில் பழைய கோயில்களை இடித்துக் கட்டியதில் கல்வெட்டுகள் அழிந்ததைப் பற்றித் தொல்லியலாளர்கள் நூறாண்டுக்கும் மேலாகப் புலம்பிவருகிறார்கள். ஆயினும் பத்தாம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவி திருக்கோடிக்காவலில் செய்ததை நினைவுகூர வேண்டும். கோயிலைக் கற்றளியாக மாற்றியபோது, அங்கிருந்த பழைய கல்வெட்டுகளைப் புதிய சுவரில் படியெடுத்து வெட்டச் செய்தார். அவை பழங்கல்லின் படிகள் என்ற குறிப்பும் உடன் பொறிக்கப்பட்டது. பொருளை மாற்றலாம், மாற்றியதை மறைக்கலாகாது என்ற நெறி அதில் இருக்கிறது. பழுதுபார்ப்பு பற்றி இதைவிடத் தெளிவான வழிகாட்டலை நான் கண்டதில்லை.

எதிர்வாதமும் உண்டு, அதை ஒதுக்க முடியாது. 2008இல் கொல்கத்தா உயர்நீதிமன்றம் பதினைந்தாண்டு கடந்த வணிக ஊர்திகளை நகரிலிருந்து அகற்ற ஆணையிட்டது காற்று மாசின் பொருட்டே. குளிர்காலக் காலைகளில் இந்நகரின் காற்றைச் சுவாசிப்பவர் எவரும் பழைய எஞ்சின்களுக்காக எளிதில் வாதாடமாட்டார். ரித்விக் கட்டக்கின் 'அஜாந்திரிக்' (1958) படத்தில் பிமல் தன் பழைய செவ்ரோலே டாக்சிக்குக் கையிலிருந்த பணத்தையெல்லாம் செலவழித்துப் புதுப் பாகங்கள் போடுகிறான். வண்டி மீண்டும் நின்றுவிட, கடைசியில் அது பழைய இரும்பாகவே போகிறது. டாலிகஞ்சில் இருந்துகொண்டு பழைய வண்டியைப் பற்றி முடிவெடுப்பவர் அந்தப் படத்தை மறக்க இயலாது.

நான் மாசிமாவிடம் சொன்னது இதுதான்: விற்க வேண்டாம். எஞ்சினை மட்டும் திறந்து பார்க்கச் செய்வோம். வண்ணம் பூச வேண்டாம். விஏ எண்ணுக்கு ஆசைப்பட்டு இரும்புச் சட்டத்தை அறுக்க வேண்டாம். சாலையில் ஓடாவிட்டாலும், வங்கத் திரைப்படத் தொழிலில் படச்சுருள் எப்படி இடம்விட்டு இடம் சென்றது என்பதற்கு அந்தச் சட்டம் ஒரு சான்று. ஸ்பேனர் படுவதற்கு முன் ஒவ்வொரு பாகத்தையும் படமெடுத்து, அளந்து, எது எப்போது வந்தது என்று ஒரு நோட்டில் எழுதிவைப்போம்.

அந்த நோட்டுக்காக நேற்று மாலை அவரிடம் கேட்டேன்: சட்டத்தைப் பற்றவைத்தது எந்த ஆண்டு? சற்று யோசித்தார். மகன் வயிற்றிலிருந்த ஆண்டு என்றார். அதுவரை அவர் பின்னால் அமர்ந்துகொள்ள, இருவரும் ஏரிக்கரை வரை போய்வருவார்களாம். அதன் பிறகு டப்பாக்கள்தான் போயின. பிறகு, மல்லிக் பஜாரில் அந்தக் காலத்துப் பின்னிருக்கை கிடைக்குமா என்று என்னைக் கேட்டார்.

கிடைக்கும். ஆனால் சட்டத்தை அறுக்காமல் அதைப் பொருத்த முடியாது. நோட்டில் இரண்டையும் எழுதிவைத்திருக்கிறேன். முடிவு அவருடையது.