எட்டுக் கண்களின் சரித்திரம்

இலங்கையின் மலைநாடு 1869ஆம் ஆண்டை மறப்பதற்கில்லை. கோப்பி இலைகளில் செம்மஞ்சள் துகளாய்ப் படிந்த கொள்ளைநோய், ஹெமிலியா எனும் பூஞ்சணத்தின் வேலையென்று அவ்வாண்டிலேதான் இனங்காணப்பட்டது. பின்னர் கோப்பி வீழ்ந்தது, தேயிலை பரவியது, பருவத்துக்கு வந்து திரும்பிய தென்னிந்தியத் தொழிலாளர் குடும்பம் குடும்பமாய் லயங்களில் நிலைத்தனர். இவ்வளவும் நாம் படித்த சரித்திரத்தில் உண்டு. அதே ஆண்டில் அதே மலைநாட்டைச் சார்ந்து நிகழ்ந்த இன்னொரு சிறு சம்பவம் அதில் இல்லை.

றம்பொடைப் பகுதியில் கோப்பி பயிரிட்ட ஜோன் நீட்னர் என்ற ஜெர்மானியர் பூச்சிகளைச் சேகரிப்பதில் வல்லவர். கோப்பி மரத்தின் பகைவர்களைப் பற்றி 1861இல் நூலொன்றும் வெளியிட்டார். தோட்டத் துரைக்குப் பூச்சி என்றால் நட்டக் கணக்குத்தானே! ஆயினும், கணக்கில் வராத சிலந்திகளையும் அவர் சேகரித்து இங்கிலாந்துக்கு அனுப்பினார். டோர்செட் மாவட்டத்துக் கிராமப் பாதிரியார் ஒக்டேவியஸ் பிக்கார்ட்-கேம்பிரிட்ஜ் அவற்றை ஆராய்ந்து 1869இல் பட்டியலிட்டார். அதில் இடம்பெற்ற மெல்லிய கால்களையுடைய பாயும் சிலந்தியொன்று இன்று அசெமோனியா டெனுயிப்பஸ் எனப்படுகிறது. அப்பெயரின் பின்னால் பாதிரியாரின் பெயர் நிற்கிறது; பட்டியலின் தலைப்பில் நீட்னரின் பெயர் நிற்கிறது. காட்டை வெட்டித் தோட்டமாக்கியவர்களின் பெயரைத் தேடுவோர் வேறு ஏடுகளைத்தான் புரட்ட வேண்டும்.

பாயும் சிலந்தியின் கண்ணுக்குள் நடப்பது தெளிவாக விளங்க மேலும் நூறாண்டு சென்றது. 1969இல் மைக்கேல் லாண்ட் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி அதனை விளக்கினார். எட்டுக் கண்களில் முன்புறம் நடுவிலுள்ள பெரிய இரண்டும் முதன்மைக் கண்கள். அவற்றின் வில்லை தலையோட்டில் பதிந்திருப்பதால் அசையாது. பின்னால் நீண்ட குழாய். அதன் கடையில் நான்கு அடுக்கான விழித்திரை. நாம் கண்ணையே சுழற்றுகிறோம். சிலந்தியோ வில்லையை இருந்தபடியே விட்டு, ஆறு தசைகளால் விழித்திரையை உள்ளே நகர்த்துகிறது. ஒளி ஊடுருவும் உடலுடைய இனங்களில் இந்த அசைவை வெளியிலிருந்தே காணலாம். ஏனைய கண்கள் அசையாதவை. சுற்றுப்புறத்தில் ஏதேனும் நகர்ந்தால் அறிவிப்பது அவற்றின் வேலை.

நான்கு அடுக்கு எதற்கு? 2012இல் ஜப்பானிய ஆய்வாளர் இதற்கு விடை கண்டனர். பச்சை ஒளி ஆழத்திலுள்ள அடுக்கில் தெளிவாகவும், அதற்கடுத்த அடுக்கில் மங்கலாகவும் விழுகிறது. அந்த மங்கலின் அளவைக்கொண்டே சிலந்தி தூரத்தை மதிப்பிடுகிறது. சிவப்பு ஒளியில் விடப்பட்டபோது அது தூரத்தைக் குறைத்து மதித்து, இரையை எட்டாமலே விழுந்தது!

இத்தகைய கருவி ஒரே நாளில் வார்க்கப்பட்டதா? கண்ணின் நுட்பத்தைக் காட்டிப் படைப்புக் கொள்கையை நிலைநாட்ட முயன்றோர் பலர். டார்வின் 1859இல் அக்கேள்வியை ஒளிக்காமல் எதிர்கொண்டார். சிலந்தியின் தூரத்து உறவான குதிரைலாட நண்டு இங்கே சாட்சி சொல்கிறது. அதன் ஓட்டின் நடுவில் எளிய கண்களும், பக்கங்களில் கூட்டுக் கண்களும் உள்ளன. முதல் வகையின் வழிவந்தவையே சிலந்தியின் முதன்மைக் கண்கள். பக்கத்துக் கூட்டுக் கண் சிதைந்து பிரிந்தவையே மற்ற மூன்று சோடிகள்.

இலங்கையிலேயே வேறு சாட்சியும் உண்டு. பிற சிலந்திகளை வேட்டையாடும் போர்ஷியா லபியாட்டா, பாயும் சிலந்திகளின் குலத்தில் முன்பே பிரிந்த கிளையைச் சேர்ந்தது. அதன் துணைக் கண்களில் நடுச் சோடி இன்றும் பெரிதாய் விளங்குகிறது. பிற்காலத்தில் பெருகிய இனங்கள் பெரும்பாலானவற்றில் அச்சோடி வெறும் புள்ளியாய்ச் சுருங்கிவிட்டது. கூர்ப்பு என்பது சேர்ப்பது மட்டுமல்ல, கைவிடுவதும்கூட.

பிக்கார்ட்-கேம்பிரிட்ஜின் சேகரம் ஒக்ஸ்போர்டில் இருக்கிறது. ஆனால் 2019இல், மின்னும் தெற்காசியப் பாயும் சிலந்திகளின் வம்சாவளியை மரபணுவாலும் உடலமைப்பாலும் ஆராய்ந்து வெளியிட்டவர்கள் நிலானி கணேசரத்தினமும் சுரேஷ் பெஞ்சமினும். ஆராய்ச்சி இந்நாட்டுக் கைகளுக்கு வந்திருக்கிறது. மலைநாட்டுப் பள்ளி மாணவர் ஒக்ஸ்போர்டுவரை போக வேண்டியதில்லை. வெயில் விழும் லயச் சுவரில், விரலை நீட்டியதும் திரும்பி நோக்கும் பாயும் சிலந்தியை ஒரு பூதக்கண்ணாடியோடு இன்றே அணுகலாம்.