மேகத்துக்கும் புதருக்கும் ஒரே படம்

எங்கள் வீட்டில் இருந்தது நின்டெண்டோவின் நகல். டிவி கேம் என்போம். அதில் செருகுவதைக் கேசட் என்போம். மரியோ ஓடும்போது பின்னால் விரிந்த வானத்தின் நீலம் இன்னும் கண்ணில் நிற்கிறது. இருபது வருஷம் கழித்து, அந்தப் படங்களைப் பிரித்தெடுக்க ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். வந்து விழுந்ததெல்லாம் சாம்பல் கட்டங்கள். பிழை எங்கே என்று இரண்டு ராத்திரி தேடினேன். பிழையே இல்லை. கேசட்டில் இருக்கும் படத்துக்கு நிறம் கிடையாது.

இந்தக் கருவி 1983-இல் ஜப்பானில் ஃபேமிகாம் என்ற பெயரில் வந்தது. 1985-இல் வெளியான சூப்பர் மரியோ பிரதர்ஸ் மொத்தமே 40 கிலோபைட்: நிரலுக்கு 32, படங்களுக்கு 8. திரையோ 256-க்கு 240 புள்ளிகள். புள்ளிக்கு 24 பிட் என்று இன்றைய வழக்கப்படி ஒரே ஒரு திரையைச் சேமித்தால் 180 கிலோபைட் ஆகும். அதற்குள் நாலு மரியோ அடங்கும்.

அதனால் திரையை டைல்ஸ் பதித்த தரை மாதிரி கட்டினார்கள். ஒரு டைல் எட்டுக்கு எட்டு புள்ளி. புள்ளிக்கு 2 பிட், அதாவது 0 முதல் 3 வரை ஓர் எண். ஆக டைலுக்கு 16 பைட். அந்த இரண்டு பிட்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்காது. முதல் 8 பைட்டில் எல்லாப் புள்ளிகளின் கீழ் பிட், அடுத்த 8 பைட்டில் மேல் பிட். இரண்டு கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால்தான் உருவம் தெரியும்.

எந்த எண்ணுக்கு எந்த நிறம் என்பது வேறு இடத்தில், வண்ணத் தட்டில் இருக்கிறது. பின்னணிக்கு நாலு தட்டுகள். 16-க்கு 16 புள்ளிப் பரப்புக்கு எந்தத் தட்டு என்று தனி அட்டவணை சொல்லும். மரியோவில் மேகமும் புதரும் ஒரே டைல்கள்தான். வெள்ளைத் தட்டு வைத்தால் மேகம், பச்சைத் தட்டு வைத்தால் புதர். ஆயிரம் தடவை பார்த்திருப்பேன், கவனித்ததே இல்லை.

அப்புறம்தான் தப்பு செய்தேன். நிறத்தைச் சேர்த்து, தாராளமாக 32 பிட் பிஎன்ஜியாக மாற்றினேன். சுருக்குவதற்கு முன் டைலுக்கு 256 பைட். பார்க்க அழகாகத்தான் இருந்தது. மேகத்தின் ஓரத்தைத் திருத்தி மறுபடி கேசட் வடிவத்துக்குக் கொண்டுபோக முயன்றபோது மாட்டிக்கொண்டேன். மேகம் தனிப் படம், புதர் தனிப் படம் ஆகியிருந்தன. இரண்டுக்கும் உள்ளே ஒரே இடம்தான். சுரங்கக் கட்டத்தில் பின்னணியும் கறுப்பு, செங்கலின் கோடும் கறுப்பு. எது 0, எது 3 என்று சொல்ல வழியில்லை. பிட் பதினாறு மடங்கு கூடியிருந்தது, தகவல் குறைந்திருந்தது.

1996-இல் வந்த பிஎன்ஜியிலேயே இதற்கு வழி உண்டு. 1, 2, 4, 8 பிட் எண்களையும் வண்ண அட்டவணையையும் அதில் தனித்தனியே வைக்கலாம். 2 பிட்டாக மாற்றினேன், எந்த இடத்துக்கு எந்தத் தட்டு என்பதைத் தனிக் கோப்பில் எழுதினேன். மேகமும் புதரும் மறுபடி ஒன்றாயின.

சரி, அந்த நீலம்? அந்தக் கருவியின் படச் சில்லு, நிற எண்ணிலிருந்து நேரடியாக டிவி சிக்னலை உண்டாக்கியது. சிவப்பு இவ்வளவு, பச்சை இவ்வளவு என்ற கணக்கு அதற்குள் இல்லை. அதனால்தான் எமுலேட்டருக்கு எமுலேட்டர் வானம் மாறுகிறது. சிலவற்றில் ஊதாவே கலந்துவிடுகிறது. என் கோப்பில் வானத்துக்கு எதிரே 34 என்ற எண் மட்டும் இருக்கிறது.

அண்ணனிடம் மூன்று நீலங்களைக் காட்டி நம்ம வீட்டு வானம் எது என்று கேட்டேன். “கலர் குமிழைத் திருகினா மூணும் வரும்டா” என்றான்.