கோரிமேட்டுக்குப் போகும் வண்டி

1890களின் தொடக்கம். திண்டிவனத்து மிஷன் பங்களாவில் ஐடா ஸ்கடர் என்ற இளம்பெண் தங்கியிருந்தார். உடல்நலம் குன்றிய தாயைக் கவனித்துக்கொள்ள அமெரிக்காவிலிருந்து வந்தவர். தந்தை ஜான் ஸ்கடர் மருத்துவர். ஒரே இரவில் மூன்று பேர், ஒருவர் பின் ஒருவராக, கதவைத் தட்டினார்கள். மூவரின் மனைவியரும் பிரசவ வலியில் துடித்துக்கொண்டிருந்தார்கள். ஆண் மருத்துவர் வந்து தொட்டுப் பார்க்கக் கூடாது, ஐடா அம்மாதான் வரவேண்டும் என்று மூவரும் கேட்டார்கள். ஐடாவுக்கு அப்போது மருத்துவம் தெரியாது. விடிந்தபோது மூன்று பெண்களும் உயிரோடு இல்லை.

அந்த இரவுதான் ஐடாவை மருத்துவம் படிக்கத் திருப்பி அனுப்பியது, வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு விதை போட்டது என்று நூறாண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். பெண் மருத்துவர் இல்லாத காலத்தின் கதையாகவே அது நிலைத்துவிட்டது. கூர்ந்து கேட்டால் அதில் இன்னொரு குறையும் தெரியும். அந்தப் பெண்களை வேறோர் ஊர் மருத்துவமனைக்குக் கொண்டு போகலாம் என்ற பேச்சே கதையில் எங்கும் இல்லை. மருத்துவர் வீட்டுக்கு வந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. நோயாளியை நகர்த்துவது என்ற எண்ணமே அன்று திண்டிவனத்தின் கைக்கு எட்டாத தொலைவில் இருந்தது. ஐடாவும் பிற்காலத்தில் மருத்துவத்தைத்தான் நகர்த்தினார். வேலூரிலிருந்து குடியாத்தம் சாலையில் முதலில் மாட்டுவண்டியிலும், பிறகு ஒரு சிறிய பெஜோ காரிலும் போய், மரத்தடிகளில் நின்று வைத்தியம் பார்த்தார்.

நோயாளியைச் சுமந்து செல்வது திண்டிவனம் அடங்கிய தென்னாற்காட்டு மக்களுக்குத் தெரியாத வேலை அல்ல. கயிற்றுக் கட்டிலில் கிடத்தி நான்கு பேர் தோள் மாற்றித் தூக்குவார்கள். கட்டில் போகாத இடத்தில் மூங்கிலில் துணியைத் தூளியாகக் கட்டுவார்கள். நீண்டகாலம் விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த கல்வராயன் மலையில் இந்த டோலி இந்த நூற்றாண்டிலும் தேவைப்பட்டது. கடல் தாண்டியும் தமிழர் தோள்கள் இந்த வேலையைச் செய்தன. 1899இல் தென்னாப்பிரிக்கப் போரின்போது நேட்டாலில் காந்தி அமைத்த இந்திய ஆம்புலன்ஸ் படையில் ஏறத்தாழ 1,100 பேர் சேர்ந்தார்கள். பெரும்பாலோர் கரும்புத் தோட்டங்களின் ஒப்பந்தக் கூலிகள். சென்னை மாகாணத்திலிருந்து நேட்டாலுக்கு ஆள் சேர்த்த மாவட்டங்களில் வடஆற்காடும் தென்னாற்காடும் உண்டு. களத்து மருத்துவமனையில் கட்டுப்போட்ட காயக்காரர்களை அடுத்த பெரிய மருத்துவமனைக்கு ஸ்ட்ரெச்சரில் தூக்கிச் செல்வது அந்தப் படையின் முக்கிய வேலை. ஒரே நாளில் இருபது, இருபத்தைந்து மைல் நடந்தார்கள். ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொரு மருத்துவமனைக்கு நோயாளியை மாற்றுவது என்று இன்று சொல்கிறோமே, அதன் பழைய வடிவம் அது.

தோள்களைத் தவிர, விழுப்புரத்துக்கு ரயிலும் வாய்த்தது. 1879இல் விழுப்புரம் – புதுச்சேரி பாதை திறக்கப்பட்டது. ஒரு முனை ஆங்கிலேயர் நிலம், மறு முனை பிரெஞ்சுக்காரர் நிலம். 1954 நவம்பர் 1 அன்று புதுச்சேரி இந்தியாவின் கைக்கு வரும் வரை, நாற்பது கிலோமீட்டர் தள்ளியிருந்த ஊர் அயல்நாட்டு ஆட்சியில் இருந்தது. அங்கே 1823 முதலே பிரெஞ்சுக்காரர்கள் மருத்துவப் பள்ளி நடத்திவந்தார்கள். அந்த மரபின் தொடர்ச்சியாக 1956இல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரி உருவாயிற்று. 1964இல் அதற்கு ஜவாஹர்லால் நேருவின் பெயர் சூட்டப்பட்டது. இன்று சுற்றுவட்டாரமே ஜிப்மர் என்று அழைக்கும் பெரிய ஆஸ்பத்திரி அதுதான்.

ஜிப்மர் இருக்கும் கோரிமேடு, புதுச்சேரியின் வடமேற்கு விளிம்பில், திண்டிவனம் சாலையில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி அமைந்திருக்கிறது. திண்டிவனத்திலிருந்து வரும் வண்டி நகரத்துக்குள் நுழையாமலே ஆஸ்பத்திரி வாசலில் போய் நிற்கும். விழுப்புரத்திலிருந்து வரும் வண்டியோ நகரத்துச் சந்திப்புகளைக் கடந்தாக வேண்டும். வரைபடத்தில் இரண்டு ஊர்களுக்கும் தூரம் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் மாலை நேரத்தில் வண்டி ஓட்டியவருக்கு அது ஒன்றாகத் தெரியாது.

“பாண்டிக்கு எழுதிக் கொடுத்துட்டாங்க.” இந்த வட்டாரத்தில் ஒரு குடும்பத்தின் இரவைப் புரட்டிப்போட இந்த ஒரு வாக்கியம் போதும். நோயாளியைப் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு மாற்றச் சொல்லும் சீட்டு கையில் இருக்கும். வண்டியைத் தேடுவது குடும்பத்தின் பாடு. பல பத்தாண்டுகள் அப்படித்தான் இருந்தது. அரசு மருத்துவமனையில் வேன் இருந்தால் டிரைவர் இருக்கமாட்டார், டிரைவர் இருந்தால் டீசல் இருக்காது. வாசலில் நிற்கும் டாக்சி, பிற்காலத்தில் மாருதி ஆம்னி, அதன் கூரையில் சுழலும் விளக்கு. உள்ளே ஒரு படுக்கையும் ஒரு சிலிண்டரும் இருந்தால் அதற்குப் பெயர் ஆம்புலன்ஸ். வாடகை பேசி முடிப்பதற்குள் அரை மணி போய்விடும். நோயாளியின் தலைமாட்டில் உட்கார்ந்து போவது மருத்துவம் அறியாத மைத்துனரோ மாமாவோ. நாடித்துடிப்பு தளர்ந்தால் அவரால் செய்ய முடிந்தது, “இன்னும் வேகமா போப்பா” என்று சொல்வது ஒன்றே.

இந்த நிலையை நாட்டின் உச்ச நீதிமன்றம் நேருக்கு நேர் பார்த்தது 1996இல். வங்காளத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஒரு தொழிலாளியைக் கொல்கத்தாவின் அரசு மருத்துவமனைகள் இடமில்லை, வசதியில்லை என்று ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அனுப்பின. கடைசியில் அவர் தனியார் மருத்துவமனையில் பணம் கட்டிப் பிழைத்தார். பஸ்சிம் பங்க கேத் மஸ்தூர் சமிதி வழக்கு என்று சட்டப் புத்தகங்கள் அதைக் குறிக்கின்றன. 25,000 ரூபாய் இழப்பீடு தரச் சொன்ன நீதிமன்றம் அதோடு நிற்கவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து மாவட்ட மருத்துவமனைக்கும், அங்கிருந்து மாநில மருத்துவமனைக்கும் நோயாளியைக் கொண்டு செல்ல ஆம்புலன்ஸ் இருக்க வேண்டும், அதில் கருவிகளும் மருத்துவப் பணியாளரும் இருக்க வேண்டும் என்றது. எழுதிக் கொடுப்பதோடு மருத்துவமனையின் கடமை முடிவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சொல் வேண்டியதில்லை.

தமிழ்நாட்டில் அந்தச் சொல் சாலைக்கு வரப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. இடையில் தேனி மாவட்டத்தில் ஒரு முயற்சி நடந்தது. உலக வங்கி உதவித் திட்டத்தில் அரசு வண்டிகளைத் தந்தது. சேவா நிலையம் என்ற தொண்டு நிறுவனம் கட்டணம் வாங்கிக்கொண்டு அவற்றை ஓட்டியது. பிரசவத்துக்குப் போகும் பெண்கள் வண்டி இல்லாமல் சாகக் கூடாது என்பதே நோக்கம். திண்டிவனத்து மூன்று பெண்களுக்கும் தேனி மலையடிவாரத்துப் பெண்களுக்கும் இடையே நூறாண்டுக்கு மேல் கடந்திருந்தும் துயரம் மாறவில்லை. பிறகு 2005 ஆகஸ்ட் 15இல் ஹைதராபாத்தில் தொடங்கிய 108 சேவை, 2008 செப்டம்பர் 15இல் தமிழ்நாட்டுக்கு வந்தது. வாடகை பேசுவது நின்றது. வண்டிக்குள் மருத்துவ உதவியாளர் ஒருவர் உட்கார்ந்தார். ஓட்டுநர் ‘பைலட்’ ஆனார். 2011 ஜூனில் நடுவண் அரசின் தாய் சேய் பாதுகாப்புத் திட்டம், கர்ப்பிணியையும் பிறந்த குழந்தையையும் ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் பயணத்தையும் இலவசமாக்கியது.

இதற்குள் ஊரின் மருத்துவ வரைபடமும் மாறியது. 2010இல் முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. விழுப்புரத்துக்கும் விக்கிரவாண்டிக்கும் நடுவே, நெடுஞ்சாலையை ஒட்டிய இடம். அதுவரை பாண்டி, செங்கல்பட்டு, சென்னை என்று பிரிந்து ஓடிய வண்டிகளுக்கு நான்காவது திசை கிடைத்தது. திண்டிவனத்தில் விபத்தில் அடிபட்டவரைத் தெற்கே முண்டியம்பாக்கத்துக்கா, தென்கிழக்கே கோரிமேட்டுக்கா, வடக்கே செங்கல்பட்டுக்கா என்று இன்று யோசிக்க முடிகிறது. 2021 டிசம்பர் 18 அன்று, அதே நெடுஞ்சாலையில் வடக்கே உள்ள மேல்மருவத்தூரில்தான் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் தொடங்கப்பட்டது. விபத்துக்குப் பின் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை, தனியார் மருத்துவமனைகளும் சேர்ந்த ஒரு பட்டியலில், அரசு செலவில் தரும் திட்டம் அது. எந்தத் திசை என்ற கேள்விக்குப் பணம் பதில் சொன்ன காலம் இதனால் கொஞ்சம் பின்வாங்கியது.

எந்த வண்டி என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

2018 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த தேசிய ஆம்புலன்ஸ் விதிகள் வண்டிகளை நான்காகப் பிரிக்கின்றன. ஏ என்பது முதலுதவியோடு விரையும் வண்டி. பி, நோயாளியைப் படுக்கவைத்து அழைத்துச் செல்ல மட்டும். சி, அடிப்படை உயிர்காப்பு வசதி கொண்டது. டி, வென்டிலேட்டரும் மானிட்டரும் உள்ள உயர்நிலை உயிர்காப்பு வண்டி. மாவுக்கட்டுப் போட்டு நிலையாக இருப்பவருக்கு பி போதும். மூளையில் ரத்தக்கசிவு, குழாய் போட்ட மூச்சு, சொட்டு மருந்தால் தாங்கி நிற்கும் ரத்த அழுத்தம் என்றால் டி வண்டியும் பயிற்சி பெற்ற ஆளும் இல்லாமல் நகர்த்தக் கூடாது. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் வெள்ளை வண்டிதான். ‘ஏசியா, நான் ஏசியா’ என்று வாசலில் கேட்பார்கள். ஆனால் கேட்கவேண்டிய முதல் கேள்வி அது அல்ல.

ஆக்சிஜன் கணக்கையே எடுத்துக்கொள்ளலாம். வண்டிகளில் வைக்கும் பி வகை சிலிண்டர் நிரம்பியிருந்தால் ஏறத்தாழ 1,500 லிட்டர். நிமிடத்துக்கு 10 லிட்டர் தேவைப்படும் நோயாளிக்கு அது இரண்டரை மணி நேரம் வரும். விழுப்புரத்திலிருந்து கோரிமேட்டுக்குத் தாராளம். சென்னைக்கு 160 கிலோமீட்டர். தாம்பரத்தில் நெரிசல் என்றால் ஒற்றைச் சிலிண்டர் போதாது. அதுவும் நிரம்பியிருந்தால்தான். வாசலில் நிற்கும் உறவினருக்கு இந்தக் கணக்கு எப்படித் தெரியும்? தெரிந்திருக்க வேண்டியவர் சீட்டு எழுதும் மருத்துவர். வண்டியைத் தேர்வது சிகிச்சையின் ஒரு பகுதி. மருந்துச் சீட்டைப் போல அதுவும் எழுத்தில் இருக்க வேண்டும்.

முறையாக நடந்தால் நோயாளியை மருத்துவமனை மாற்றுவது எவ்வளவு பெரிய வேலை என்பதை 2024 ஜூன் காட்டியது. கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்தவர்கள் ஜூன் 19 அன்று கூட்டம் கூட்டமாக அரசு மருத்துவமனைக்கு வந்தார்கள். மெத்தனால் ரத்தத்தை அமிலமாக்கும், பார்வையைப் பறிக்கும், மூச்சை நிறுத்தும். பலருக்கு ஒரே நேரத்தில் டயாலிசிஸும் வென்டிலேட்டரும் வேண்டியிருந்தன. எந்த ஒரு மருத்துவமனையும் தனியாகத் தாங்க முடியாத சுமை. ஆம்புலன்ஸ்கள் சேலத்துக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நூறு கிலோமீட்டருக்கு மேல் தொலைவில் உள்ள ஜிப்மருக்கும் ஓடின. அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தச் சாராயத்தை விற்கவிட்டவர்களின் குற்றம் தனி. பிழைத்தவர்களில் பலர், தமக்கான கருவி இருந்த ஊருக்கு உயிரோடு கொண்டு சேர்க்கப்பட்டவர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும்.

சாலையும் எப்போதும் கைகொடுக்காது. அதே ஆண்டு நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. தென்பெண்ணை பொங்கி அரசூரில் சென்னை – திருச்சி நெடுஞ்சாலையை மூடியது. தெற்கேயிருந்து முண்டியம்பாக்கத்துக்கு வரும் வழி அடைபட்டது. வேறு வழி எது, அந்த வழியில் எந்த மருத்துவமனை என்பதை அறிந்த ஓட்டுநர் அப்படிப்பட்ட நாளில் மருத்துவருக்கு நிகர்.

திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ ஒரு நள்ளிரவில் உங்கள் கையில் அந்தச் சீட்டு வந்தால், வாசலுக்கு ஓடுமுன் எழுதியவரிடம் மூன்றைக் கேளுங்கள். எந்த வகை வண்டி வேண்டும்? உடன் யார் வருவார்? போகுமிடத்தில் படுக்கை உண்டு என்று பேசியாயிற்றா? பதில்களைச் சீட்டிலேயே எழுதச் சொல்லுங்கள். இதுவரை செய்த சிகிச்சையின் குறிப்பையும் கேட்டு வாங்குங்கள். அரசு மருத்துவமனையிலிருந்து இன்னொரு அரசு மருத்துவமனைக்கு மாற்றவும் 108 வரும், அதற்குக் கட்டணம் இல்லை.