'கோயம்புத்தூர் II' போர் விமானம்

மாதிரி விமானம் செய்வோர் சிலர், வரலாற்றில் இல்லாத பெயரையும் வண்ணத்தையும் கற்பனையாகத் தீட்டுவதுண்டு. பழவேற்காடு ஏரிக்கரை மீனவ ஊர் ஒன்றின் பெயரை இரண்டாம் உலகப் போர் விமானத்தில் எழுதினால், அதுவும் அவ்வகையே எனத் தோன்றும். ஆனால், பழவேற்காடு அன்று அடங்கியிருந்த சென்னை மாகாணத்தின் ஊர்ப் பெயர் ஒன்று உண்மையிலேயே போர் விமானத்தில் இடம்பெற்றது.

மாகாணத்தின் போர் நிதி உதவியால், பிரித்தானிய வான்படையின் 264ஆம் அணி 'மெட்ராஸ் மாகாண அணி' எனப்பட்டது. அதன் டிஃபையன்ட் விமானம் ஒன்றின் பெயர் 'கோயம்புத்தூர் II'. டிஃபையன்டில் முன்னோக்கிப் பொருத்திய துப்பாக்கியே கிடையாது! விமானிக்குப் பின்னால் சுழலும் கூண்டில் நான்கு இயந்திரத் துப்பாக்கிகள் இருந்தன. 1940 ஆகஸ்டில் பகற்போரில் பேரிழப்பு நேர்ந்தபின், இவ்வணி இரவுப் பணிக்கு மாறியது. விமானங்களுக்குக் கறுப்பு பூசப்பட்டது. 1/72 அளவில் ஏறத்தாழ 15 செ.மீ. நீளம் வரும் 'கோயம்புத்தூர் II' மாதிரிக்கும் அந்தக் கறுப்பே உரியது.